விடை எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்? நிதானமாகக் குறுக்கெழுத்துப் போட எது தோது

கிருஷ்ணகிரியில் எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்த சார் போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். சால்வை, மாலை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து, காகிதத் தட்டில் வைத்த மிக்சரும் ஜாங்கிரியும் காலியாகி, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, மதியம் சாப்பாட்டு நேரத்துல பேப்பரை நாலா மடிச்சு வச்சுக்கிட்டு கட்டம் கட்டமா எழுதிக்கிட்டே இருப்பியே, நாளையிலேருந்து எனக்கும் அது வேணும். செல்லுல ஏதாச்சும் இறக்கிக்கட்டுமா, புத்தகம் வாங்கிக்கட்டுமா, இல்ல வீட்டுக்கு வர்ற பேப்பரே போதுமா? எது நல்லதுன்னு சொல்லு" என்றார். "ரெண்டு நாள் டைம் குடுங்க சார், யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசிக்க வேண்டிய விஷயம்தான். நான் தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஜன்னலோரம் கிடைத்தால் மடியில் பேப்பர், கிடைக்காவிட்டால் மனசுக்குள் ஒரு குறிப்பு, இப்படி ஏழெட்டு வருஷமாகக் குறுக்கெழுத்தோடுதான் இந்தச் சாலையில் போய் வருகிறேன். கையில் கிடைத்த எல்லா வகையையும் போட்டுப் பார்த்தாயிற்று. அவரிடம் போனில் பத்து நிமிஷத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே யோசனையில் இருக்கிற வேறு சிலருக்கும் உதவும்.

பொதுவாக இவற்றை எது சுலபம், எது கஷ்டம் என்றுதான் தரம் பிரிப்பார்கள். நான் பார்ப்பது வேறு. விடை நம் கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? செல்போன் செயலியில் ஒரு விரல் தூரம். புத்தகத்தில் கடைசிப் பக்கம் வரை. நாளிதழில் மறுநாள் காலை வரை. வார இதழ் என்றால் ஒரு வாரம், மாத இதழ் என்றால் ஒரு மாதம். வேகமாக முடிக்கிறவர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஆற அமரப் போட நினைக்கிறவர்களுக்கு இதுதான் எல்லாம், ஏனென்றால் எவ்வளவு மனவுறுதி உள்ள ஆளாக இருந்தாலும் விடை பக்கத்தில் இருந்தால் கை அங்கே போய்விடும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். ஒரு மாத இதழில் வந்த கட்டத்தில் ஒரு குறிப்பு: "உலோக ஏட்டோடு ஊர் சேர்ந்தால் பழைய தலைநகர் (4)". உலோக ஏடு என்றதும் செப்பேடு என்றுதான் தோன்றியது, எழுத்தும் நான்குதான், ஆனால் அது தலைநகர் இல்லையே. அடுத்து உறையூர். பழைய சோழர் தலைநகர், நான்கு எழுத்து, கடைசியில் ஊரும் இருக்கிறது, பென்சிலால் லேசாக எழுதியே விட்டேன். ஆனால் உறை எப்படி உலோக ஏடாகும்? இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மேலிருந்து கீழாக ஒரு சொல் விழுந்து இரண்டாவது கட்டத்தில் 'க' வந்ததும் உறையூரை அழித்தேன். அழித்த பிறகும் வேறு எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை தருமபுரி நாலு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், எதிரே ஒரு கடை வாசலில் மினி லாரியிலிருந்து இரண்டு பேர் எதையோ இறக்குகிறார்கள். மேலே நின்றவர் கீழே இருப்பவரிடம், "தகடு கையைக் கிழிச்சிடும்டா, துணியைச் சுத்திப் புடி" என்று கத்தினார். தகடு. ஊர். தகடூர்! நான் நின்றுகொண்டிருந்ததே அங்கேதான். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர், 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்று பதிற்றுப்பத்தோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட பெயர், இன்றைய தருமபுரி. பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் காரிமங்கலம் தாண்டும்வரை எனக்கு முகம் சிரித்தபடியேதான் இருந்தது. அதே குறிப்பு செயலியில் வந்திருந்தால் இரண்டாவது நிமிஷமே விடை காட்டும் பல்பு படத்தை அழுத்தியிருப்பேன், நான்கு எழுத்தும் தானாக வந்து உட்கார்ந்திருக்கும், அப்புறம் அந்தத் தகடு இறக்கியவர்களை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அதனால் செயலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், சார் முதலில் கேட்டதும் அதைத்தானே. அதில் நல்லது இல்லாமல் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அது பெரிய வசதி. ராத்திரி விளக்குப் போட்டு யாரையும் எழுப்ப வேண்டாம். அழித்தால் காகிதம் கிழியாது. ஆனால் பெரும்பாலானவற்றில் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேற்று போட்டீர்கள், இன்றும் போடுங்கள், விட்டால் கணக்கு அறுந்துவிடும் என்று நினைவூட்டல் வரும். நியூயார்க் டைம்ஸ் 2014இல் கொண்டுவந்த 'மினி' கட்டம் வழக்கமாக ஐந்துக்கு ஐந்துதான், ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு நண்பர்களோடு நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதன் சுகமே அதுதான். தமிழில் நான் போட்டுப் பார்த்த செயலிகளில் வேறொரு சிக்கல்: கட்டத்துக்குக் கீழேயே பத்துப் பன்னிரண்டு எழுத்தைக் கலைத்துப் போட்டு அதிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. நாம் தேடுவது சொல்லை அல்ல, மிச்சமிருக்கும் எழுத்தை. பாங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் அரைமணிக்கு அது போதும். ஓய்வுக்காலத்தின் காலைப் பொழுதுக்குப் போதாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போடுவதில் தப்பு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வில் ஷார்ட்ஸ் 1978இல் தொடங்கிய குறுக்கெழுத்துப் போட்டி இன்றும் நடக்கிறது, பெரிய பெரிய கட்டங்களைச் சில நிமிஷங்களில் நிரப்பித் தள்ளுகிறவர்கள் வருகிறார்கள், அதைப் பார்க்கவே பிரமிப்பாக இருக்கும். ஆனால் 2021இல் அதே போட்டியில் டாக்டர் ஃபில் என்ற கணினி நிரல் மனிதர்கள் எல்லோரையும்விடக் கூடுதல் மதிப்பெண் எடுத்துவிட்டது. வேகம் வேண்டும் என்றால் அதற்கு ஆள் கிடைத்தாயிற்று. தகடு இறக்குகிற சத்தம் காதில் விழுந்து ஊர்ப்பெயர் வருவது மட்டும் நமக்கே நமக்கு.

அடுத்தது புத்தகம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு கட்டம் போட்டார், அதுதான் இன்றைய குறுக்கெழுத்துக்கு முதல் புள்ளி. பதினோரு வருஷம் கழித்து, 1924இல், சைமன் அண்ட் சூஸ்டர் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் போட்டபோது அதோடு ஒரு பென்சிலையும் சேர்த்தே விற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. பேனா இல்லை, பென்சில். தப்பாக எழுதலாம், அழிக்கலாம், அவசரமில்லை என்று புத்தகமே சொல்கிற மாதிரி.

புத்தகத்தில் வசதி என்னவென்றால் தேதி கிடையாது. ஒரு கட்டத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. தொல்லை என்னவென்றால் விடை அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்: வாங்கியதும் விடைப் பக்கங்களை பிளேடால் அறுத்து, ஸ்டேப்ளர் அடித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அவர் அதை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். கேட்டால் "இன்னும் ரெண்டு நாள் பாரு கண்ணு" என்பார், லேசில் தர மாட்டார். இப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் புத்தகம் நல்ல தேர்வு. ஆனால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் ஆங்கிலப் புத்தகம்தான் கிடைத்தது, தமிழில் குறுக்கெழுத்துக்கென்று தனியாகப் புத்தகம் வேண்டுமென்றால் புத்தகக் கண்காட்சி வரும்வரை காத்திருந்து தேட வேண்டியிருக்கிறது.

இனி நாளிதழ், வார இதழ்களில் வரும் தமிழ்க் கட்டம். இதை 'சும்மா பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறிப்புகள் நேரானவைதான், 'கணவனின் தாய்' என்றால் மாமியார், அதில் சூது ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்க் கட்டத்துக்கு என்றே ஒரு அழகு இருக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்காமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையிலும் சொல் ஓடும். சில குறிப்புக்குப் பக்கத்தில் 'குழம்பியிருக்கிறார்' என்று போட்டு எழுத்தையே கலைத்து வைத்திருப்பார்கள். 'யானை (3)' என்று கேட்டால் வேழமா, களிறா? இரண்டும் மூன்றெழுத்து. குறுக்கே போகும் சொல் வந்து சொல்லும்வரை பென்சிலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஆங்கிலக் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்தில் ஒன்று. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247இல் ஒன்று. க வேறு, கா வேறு, கொ வேறு. அதனால் குறுக்கே வந்து விழும் ஒரே ஒரு எழுத்து ஏகப்பட்டதைச் சொல்லிவிடும். 'கொ' என்று ஒன்று கிடைத்துவிட்டால் மூன்றெழுத்துச் சொல்லில் பாதி வேலை முடிந்த மாதிரி. இதற்கு மேல், எழுத்தே இல்லாத வெறும் கட்டமும் பேசும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது இல்லையா? 'தாய் பிள்ளையிடம் காட்டுவது (3)' என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்வோம். அன்பும் மூன்றெழுத்து, பாசமும் மூன்றெழுத்து. நடுக் கட்டத்தில் எண் போட்டு அங்கிருந்து மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்கினால் அது அன்பாக இருக்க முடியாது, ஏனென்றால் 'ன்' எந்தச் சொல்லுக்கும் முதலாகாது, ஆகவே பாசம். மாறாக மூன்றாவது கட்டத்தில் எண் இருந்தால் பாசம் அடிபட்டுவிடும், 'ம்' முதலில் வராது, ஆகவே அன்பு. இன்னொன்று, அ, ஆ முதலான தனி உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். நீங்கள் எழுதிய 'அ' கீழே இறங்குகிற சொல்லின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். க், ச், ட், த், ப், ற் என்ற ஆறும் சொல்லுக்குக் கடைசியில் வராது. திரும்பி ஓடுகிற சொல்லுக்கு இதையெல்லாம் அப்படியே தலைகீழாக வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று மார்க்குக்காகப் படித்தது, பஸ்ஸில் ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது உயிரோடு எழுந்து வருகிறது. அவசர அவசரமாக நிரப்பினால் இதெல்லாம் கண்ணிலேயே படாது.

நாளிதழில் ஒரே ஒரு குறை, மறுநாளே விடையும் அடுத்த கட்டமும் சேர்ந்து வந்து நின்றுவிடும். முதல் நாள் முடியாதது மனசை உறுத்த ஆரம்பிப்பதற்குள் புதியது வந்துவிடுகிறது. இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. கட்டத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, மறுநாள் விடைப் பகுதியைப் பார்க்காமலே மடித்து ஒரு கவரில் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு கட்டம் போதும், ஏழும் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுத்து பொடியாக இருந்தால் ஜெராக்ஸ் கடையில் ஏ4 அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சாருக்கு நான் முதலில் சொன்னதே இதுதான்: ஒரு பரீட்சை அட்டை, ஒரு நடராஜ் பென்சில், ஒரு ரப்பர், ஏ4 ஜெராக்ஸ். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதலாம், மடியில் பேப்பர் குழியாது.

பரிசுக்கு அனுப்புகிற வகை ஒன்று இருக்கிறது, அதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஒரு காலத்தில் நம் நாட்டில் கட்டணம் கட்டி, கூப்பனை நிரப்பி, பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு அனுப்புகிற மோகம் அதிகமாகிப் போய், 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்றே வந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் விண்ணப்பத்துக்கு மேல் கூடாது என்றார்கள். 'குறுக்கெழுத்துப் போட்டி' என்று இன்றும் பலர் வாயில் வருவது அந்தப் பழக்கத்தாலோ என்னவோ. பரிசு வேண்டும் என்றால் கடைசித் தேதி வேண்டும், கடைசித் தேதி வந்துவிட்டால் மனம் ஓட ஆரம்பித்துவிடும். நிதானத்துக்கு ஒத்து வராது.

ஆங்கில நாளிதழ்களில் வரும் கிரிப்டிக் வகை அடுத்தது. தி இந்துவில் வருகிறது, பதினைந்துக்குப் பதினைந்து கட்டம், தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்கும். இதில் குறிப்பு நேராகப் பேசாது. ஒரு குறிப்புக்குள் இரண்டு பாகம் இருக்கும், ஒன்று சொல்லின் பொருள், அது வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். மற்றது அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் சேர்ந்து பார்ப்பதற்கு வேறு ஏதோ கதை சொல்லும் வாக்கியம் போலத் தெரியும், அந்தக் கதையை நம்பாமல் இருப்பதுதான் வித்தை. முதல் ஒரு மாதம் ஒரு நாளைக்கு இரண்டு விடை வந்தாலே பெரிய விஷயம். மறுநாள் விடையை வைத்துக்கொண்டு குறிப்போடு பொருத்தி, 'ஓ, இப்படியா' என்று பின்னாலிருந்து படிக்க வேண்டும். அதாவது இங்கே ஆரம்பத்தில் விடை பக்கத்தில் இருப்பது நல்லது. பழகிய பிறகுதான் தூரமாக்க வேண்டும். ஆங்கிலத்தில் நல்ல பழக்கமும் காலையில் முழுசாக இரண்டு மணி நேரமும் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. முப்பது வருஷம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிக் கோப்பு நகர்த்திய சாருக்கு ஆங்கிலம் தடை இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே மறுபடி ஒரு பரீட்சை மாதிரி இதை அவர் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

என் மனசுக்குப் பிடித்தது, இதே முறையில் தமிழில் வருவது. வட அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் இந்த வகைப் புதிர்கள் வந்திருக்கின்றன, இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். எப்படி இருக்கும் என்பதற்கு நானே கட்டிய ஒன்றைக் காட்டுகிறேன்: "தகவு குலைந்தால் திறக்கலாம் (3)". படித்ததும் ஒழுக்கம், மரியாதை என்று மனம் போகும். போக வேண்டாம். தகவு என்ற மூன்றெழுத்தைக் குலைத்துப் போடுங்கள், த, க, வு. கதவு. திறக்கலாம் இல்லையா? அவ்வளவுதான். இன்னொன்று: "கடைசி எழுத்து போன அறம் செய், நம் ஊர் வரும் (5)". அறம் என்றால் தருமம், கடைசி எழுத்துப் போனால் தரும, செய் என்றால் புரி, தவம் புரி என்கிறோமே அந்தப் புரி. சேர்த்தால் தருமபுரி. தகடூரைப் பாருங்கள், தகடும் ஊரும் சேரும்போது 'டு'வும் 'ஊ'வும் புணர்ந்து 'டூ' ஆகிறது, இது ஆங்கிலத்தில் முடியாத வேலை. நம் மொழியில் சொற்கள் சேரும்போது உருமாறுவதையே புதிராக்கிவிடலாம், சேர்ந்ததைப் பிரித்துப் பார்க்கிறவருக்குத்தான் விடை. இப்படிப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு பஸ்ஸில் ஊர்ப்பலகை ஒன்றையும் என்னால் சும்மா கடக்க முடிவதில்லை.

இது அளவில் சிறியது, பத்து இருபது குறிப்புதான் இருக்கும். மாதத்துக்கு ஒன்று என்றால் ஒரு குறிப்புக்கு ஒன்றரை நாளாவது கிடைக்கிறது. எனக்கு அது சரியான கணக்கு. காலையில் ஒரு முறை குறிப்பைப் படித்து மனசில் போட்டுக்கொள்வேன், அதோடு சரி. காகிதத்தை மறுபடி எடுப்பது ராத்திரிதான். நடுவில் அது தானாக ஊறும், ராகிக் கூழ் ராத்திரியெல்லாம் புளித்துக் காலையில் பதத்துக்கு வந்திருக்கிற மாதிரி. பாத்திரம் கழுவும்போது, வரிசையில் நிற்கும்போது, யாரோ எதையோ பேசும்போது சட்டென்று விழும்.

தனியாகவா, கூடவா என்பதும் ஒரு தேர்வுதான். செல்போன் தனி ஆளுக்கானது, அந்தச் சின்னத் திரைக்கு மேல் இரண்டு தலை சேர்ந்தால் இடிக்கும். காகிதம் அப்படியில்லை. "புகையும் பாறை, நம் பக்கத்து அருவி (6)" என்று நான் ஒரு நாள் அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். அருவி என்றதும் எல்லோரும் ஒகேனக்கல் என்று சொல்லிவிட்டார்கள், எழுத்தும் சரியாக ஆறு, ஆனால் புகை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற தம்பி ஒருவன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், டீ டம்ளரை வைத்துவிட்டு, "அக்கா, எங்க வீட்ல புகையை ஹொகேன்னுதான் சொல்வோம், கல்லு கல்லுதான்" என்றான். எத்தனை தடவை பரிசலில் போயிருப்போம், மேலே நுரைத்துக் கிளம்பும் அந்தச் சாரலைப் புகை என்று பார்த்துத்தான் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற எங்கள் பக்கத்தில் கட்டத்தை வாய்விட்டுப் படிப்பது நல்லது, யாரிடம் எந்தச் சொல் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. கேட்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டுக்கொள்ளுங்கள்: கூகுளில் பார்த்துச் சொல்லக் கூடாது.

சரி, சாருக்கு என்ன சொன்னேன்? முதல் மாதம் வீட்டுக்கு வருகிற தமிழ்ப் பேப்பரே போதும், வாரத்துக்கு இரண்டு கட்டம், ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், விடையைக் கவரில் போட்டு வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மொழிமுதல் எழுத்துக் கணக்கு கைக்கு வந்ததும் தமிழில் மறைபொருளாக வருகிற மாதப் புதிருக்குப் போங்கள். ஆங்கிலக் கிரிப்டிக் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செயலி வேண்டாம், வேண்டுமென்றால் பேரனோடு விளையாட ஒன்று இருக்கட்டும். புத்தகம் இப்போதைக்குத் தேவையில்லை. என் அம்மாவைப் பொறுத்தவரை கணக்கு வேறு, அவருக்கு எழுதுவதைவிட நான் குறிப்பைப் படிக்கக் கேட்டு விடை சொல்வதுதான் பிடிக்கும், அதனால் அவருக்கு நேர்க்குறிப்பு உள்ள வார இதழ்க் கட்டம்தான், புராணப் பெயர்கள் நிறைய இருந்தால் இன்னும் சந்தோஷம். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால், தினமும் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கிறது என்றால், நாளிதழுக்குப் பதில் மாதப் புதிரை எடுங்கள். நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் தூரமான விடை இன்னும் பொருத்தம், அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போகலாம், அது எங்கேயும் போகாது.

போனை வைக்கும் முன்னால் அவருக்கு ஒரு ருசி காட்ட நானே கட்டிய இரண்டு குறிப்பையும் கொடுத்தேன். ஒன்று, "எலி வீட்டுக்குத் தலை முளைத்தால் மழைக்குக் கத்தும் (3)". இன்னொன்று, "மணித்தலையோடு தகரம் உருகினால் விலையுயர்ந்த பச்சை (5)".

முதல் குறிப்புக்கு அன்றைக்குச் சாயங்காலமே மெசேஜ் வந்துவிட்டது, சரியான விடைதான். இரண்டாவதுக்கு நான்கு நாளாகச் சத்தமில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். "ஏம்மா, அணைப்பக்கம் நடந்துட்டு வந்தேன், வழியெல்லாம் தகரத்தைத்தான் காய்ச்சிக்கிட்டே வந்தேன். பச்சைன்னா இலையா, மிளகாயா, கிளியான்னு எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, அந்த மணித்தலைதான் இடிக்குது" என்றார். நான் "சார், அந்த மணி..." என்று ஆரம்பிப்பதற்குள், "சொல்லிடாதம்மா, நாளைக்குக் காலையில நானே சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.